எட்டு மஞ்சள்

மூத்திரத்தின் நிறத்தை எட்டாகப் பிரிப்பது
ஜூன் மாதம் எனக்கு வந்த வேலை.
ருவைஸில், குளிரூட்டிய அறையில்.
ஒன்று: ஏறத்தாழத் தண்ணீர்.
எட்டு: வெயிலில் நான்கு மணி நேரம் சாரம் கட்டியவனின் சிறுநீரகம்
கடைசியாகப் பிழிந்து தருவது.
நடுவிலிருந்த ஆறுக்கும் கணினி எண் கொடுத்தது,
பெயர் கொடுக்கவில்லை.
எலுமிச்சை என்று எழுதினேன்.
காயா பழமா என்று கேட்டார்
கிளினிக்கிலிருந்து ஜெசிந்தா.

ஆறு மொழி.
தமிழுக்கு மொழிபெயர்ப்பு நிறுவனம் அனுப்பியது:
'உடனடியாக நீர்ச்சத்தை மீட்டெடுக்கவும்.'
'தண்ணி குடி' என்று திருத்தினேன்.
மரியாதை போதவில்லை என்று திரும்பி வந்தது.
'தண்ணீர் குடியுங்கள்' என்று சமாதானமானோம்.
ஒரு விகுதிக்கு இரண்டு நாள்.
இரண்டு நாளும் வெளியே நாற்பத்தேழு டிகிரி.

மேலாளர்களுக்குப் பதினோரு ஸ்லைடுகள்.
உடல் வெப்பம் ஏறும் கோடு,
அது முப்பத்தொன்பதைத் தொடுமிடத்தில் சிவப்புப் புள்ளி.
புள்ளி பயமுறுத்துகிறதே என்றார்கள்.
ஆரஞ்சாக்கினேன்.
லோகோ சின்னதாக இருக்கிறதே என்றார்கள்.
அட்டையின் வலப்பக்கம் முழுக்க அதற்கு விட்டேன்,
சுற்றிலும் தாராளமாக வெள்ளையோடு.
நம் ஆட்களின் தரவு எங்கே என்றார் ஒருவர்.
அதை யார் போய் எண்ணுவது என்று நான் கேட்டது
ஆங்கிலத்தில் கௌரவமாகத்தான் ஒலித்தது.
அடுத்த ஸ்லைடு.

ஜூலையில் ஒரு மதிய ஓய்வு.
தளம் காலியாகக் கிடக்க
ஆண்கள் கழிப்பறை வரிசைக்குப் போனேன்.
ஜெசிந்தா வெளியே காவல்.
உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் விளங்கியது
ஒரு மாதமாக நான் வேறெங்கோ வேலை பார்த்திருக்கிறேன் என்று.
நீலப் பிளாஸ்டிக் கூண்டு அது.
வெயில் சுவர் வழியே வடிந்து
நீலமாகவே உள்ளே வந்தது.
என் எட்டு மஞ்சளும்
ஒரே பாசி நிறம்.
பார்ப்பவன் கண்ணை யோசித்தேன்,
எழுத்தின் அளவை யோசித்தேன்,
அவன் எந்த வெளிச்சத்தில் நிற்பான் என்று
யோசிக்கவே இல்லை.

கிழித்துவிடத்தான் கை நீட்டினேன்.
காலில் எதுவோ இடறியது.
சாரக் கவ்வி ஒன்று, தேய்ந்த இரும்பு.
கதவின் அடியில் அது உட்கார ஒரு தடம் பதிந்திருந்தது.
வைத்துப் பார்த்தேன்.
ஒரு சாண் அகலத்துக்குக் கதவு திறந்து நிற்க
வெள்ளை வெயில் ஒரு பட்டையாக
நேரே அட்டையில் விழுந்தது.
மஞ்சள்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

அப்போதுதான் கோடுகளைப் பார்த்தேன்.
லோகோவைச் சுற்றி நான் விட்ட வெள்ளையில்
பால்பாயின்ட் கோடுகள்,
நான்கு நிறுத்தி ஐந்தாவதைக் குறுக்கே போட்டு.
முதல் கட்டத்துக்கு நேரே எதுவுமில்லை.
மூன்றுக்கு இரண்டு.
ஐந்துக்கு ஒரு வரிசை.
ஆறுக்கு வந்த வரிசை
வெள்ளை போதாமல் லோகோமேல் ஏறி
அந்தப் பக்கம் இறங்கியிருந்தது.
அச்சில்லை, அலகில்லை, தலைப்பில்லை.
நான் வரைந்திருக்க வேண்டிய வரைபடம்.

ஆறுக்கு அருகே வங்க எழுத்தில் ஒரு சொல்.
போனில் படமெடுத்து நூருல் அமீனிடம் காட்டினேன்.
"லால் சா" என்றார்.
"நம்ம சுலைமானி."
சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

பன்னிரண்டாம் ஸ்லைடாக அந்தப் படம் போனது.
சுவரில் கிறுக்கியது யார்
என்பதுதான் முதல் கேள்வி.
இரண்டாவது கேள்வி வர நேரமானது.
ஏசியின் சத்தம் மட்டும் கேட்டது.
"ஆறு என்றால் என்ன?"

புதிய அட்டையில் ஆறாம் கட்டத்துக்கு
ஆறு மொழியிலும் சுலைமானி.
வலப்பக்கம் வெறுமை.
லோகோ பின்புறம், சுவரைப் பார்த்தபடி.
புள்ளி மறுபடி சிவப்பு.
கழிப்பறைக்கு ஒன்றாக
நாற்பது பேனா, நாற்பது முழம் கயிறு
கேட்டு எழுதியிருக்கிறேன்.
காரணம் என்ற கட்டத்தில்
'வாசகர் பதில் எழுத' என்று நிரப்பினேன்.
கொள்முதல் பிரிவிலிருந்து
இன்னும் ஒன்றும் வரவில்லை.